பகலிலா, இரவிலா

மூன்று வருஷமாக இர்மா கொலாரிக்குக்கு ஒற்றைப்படைப் பக்கங்கள்தான். ஒன்று, மூன்று, ஐந்து. இரட்டைப்படைப் பக்கங்களெல்லாம் எதிர் அறையில் இருந்த பெர்னடீனுக்குப் போய்விடும். ஒரே ஆள் ஒரு காகிதத்தை முழுசாகத் தட்டச்சு செய்தால் விஷயம் முழுசாகத் தெரிந்துவிடுமாம். அதற்காக அந்தச் சிகாகோ ரகசிய ஆய்வுக்கூடத்தின் காவல் அதிகாரி கேப்டன் டாலிவர் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த ஏற்பாடு இது. பன்னிரண்டு மணி அடித்தால் அந்த இரண்டு பெண்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பெர்னடீனுடைய மாமியாரைப் பற்றிப் பேசவே அந்த அரைமணி நேரம் பத்தாது.

இர்மாவுக்கு வீட்டுக்கு வருகிற கடிதமும் பாதிதான் வரும். தம்பி எமில் பட்டாளத்தில் சேர்ந்து பசிபிக் கடலில் எங்கேயோ ஒரு தீவில் இருந்தான். அவன் எழுதுகிற கடிதத்தில் தணிக்கைக்காரர்கள் கத்தரிக்கோலால் ஜன்னல் ஜன்னலாக வெட்டி வைத்திருப்பார்கள். கடைசியாக வந்ததில் வெட்டுக்குத் தப்பிய வரிகள் இரண்டு: "எங்கள் கூடாரத்தில் எட்டுப் பேர் இருந்தோம், போன தடவை கரையிறங்கியதில் மூன்று பேர் மிச்சம்" என்று ஒன்று. "அடுத்த கரை பெரிய கரை, அம்மாவிடம் சொல்லாதே" என்று இன்னொன்று. இர்மா அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெட்டியிருக்கானுங்கன்னா புள்ள நெறைய எழுதியிருக்கான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

இர்மாவின் மேலதிகாரி டாக்டர் தீசன். ரசாயனக்காரர், கன்சாஸில் கோதுமை விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. ஆள் தங்கம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். ஆனால் ஒரு எண் கண்ணில் பட்டுவிட்டால் மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு இர்மாவின் அம்மா பழம் வைத்த கொலாச்சே ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். "ஒரு டஜன் இருக்கும் டாக்டர்" என்று இர்மா சொன்னதுதான் தப்பு. நன்றி சொல்வதற்கு முன்னால் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினாலு" என்று திருத்தினார். அதற்கப்புறம்தான் நன்றி.

அவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டடம் முழுக்க இதே கதைதான். போன வசந்தத்தில் தீ ஒத்திகைக்கு மணி அடித்தபோது, புகை மூன்றாம் மாடிக்கு வந்துசேர எத்தனை நிமிஷம் ஆகும் என்று டாக்டர் பெட்டிபோனும் டாக்டர் பார்ட்டாவும் படிக்கட்டிலேயே நின்று சண்டை போட்டார்கள். கேப்டன் டாலிவர் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் விட்டார். புல்தரையிலும் சண்டை தொடர்ந்தது. அவர்கள் கணக்குப்படி, உண்மையான தீயாக இருந்திருந்தால் எல்லோரும் செத்திருப்பார்கள். அந்த முடிவு வந்ததும் இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இப்படிப்பட்டவர்கள்தான், ஏழு பேர், நாற்பத்தைந்தாம் வருஷ ஜூலையில் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார்கள்.

கடிதம் மொத்தமே இரண்டு பக்கம். முதல் பக்கம் இர்மாவுக்கு, இரண்டாவது பக்கம் பெர்னடீனுக்கு. மூன்று வருஷமாக எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த முதல் பக்கத்தில்தான் எல்லாம் தெரிந்தது. ஒரே விமானம், ஒரே குண்டு, ஒரே ஊர் என்று அதில் இருந்தது. தட்டி முடித்ததும் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் உறைத்தது. இப்படி ஒன்று இருந்தால் சண்டை முடிந்துவிடும். எதிரி நாட்டின் அந்தப் பெரிய கரையில் எமில் இறங்க வேண்டியதில்லை.

முதல் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: "இதைச் செய்தவர்கள் என்ற முறையில் நாங்கள் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம்." வேண்டுகோள் அடுத்த பக்கத்தில். அது என்னவாக இருக்கும் என்பதில் இர்மாவுக்குச் சந்தேகமே இல்லை. சீக்கிரம் போடுங்கள் என்றுதானே கேட்பார்கள்? வேறு எதைக் கேட்க ஏழு பேர் கூடப்போகிறார்கள்?

அதனால் வரைவுக்குமேல் வரைவு வந்தபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வரைவுக்கும் ஐந்து பிரதி, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு எண், பழைய கார்பன் தாளையெல்லாம் எண்ணிக் கட்டிக் கேப்டன் முன்னால் எரிக்க வேண்டும். ஒன்பதாவது வரைவு வந்தபோது பெர்னடீன் சாப்பாட்டு மேஜையில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இவங்க கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணுங்களுக்கு நரைச்சிருக்கும்டி."

"டாக்டர் தீசனுக்குக் கல்யாணம் ஆகலையே" என்றாள் இர்மா.

"அதத்தானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை பெர்னடீன் கன்னம் வீங்கிப்போய்ப் பல் பிடுங்கப் போய்விட்டாள். சரியாக அன்றைக்குத்தான் கெடு. வாஷிங்டனில் இந்தக் கடிதத்தை மேலிடத்தின் கையில் நேரே கொடுப்பதாக ஒரு அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். அவர் சனிக்கிழமை காலை ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறார். சிகாகோவிலிருந்து ரகசியத் தபால் போவது பூட்டுப் போட்ட ஒரு தோல்பையில். அந்தப் பை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு சார்ஜெண்டோடு ரயிலடிக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை.

கூட்டம் நடந்த அறையின் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும் என்பது சட்டம். வெயிலோ கதவைத் திற திற என்று கெஞ்சியது. கடைசியில் கேப்டன் டாலிவர் கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு, தானே கதவாக உட்கார்ந்துகொண்டார். கென்டக்கிக்காரர். பேச்சில் மரியாதைக்குப் பஞ்சம் கிடையாது, நக்கலுக்கும் கிடையாது. உள்ளே நடந்தது இர்மாவின் மேஜை வரைக்கும் துண்டு துண்டாகக் கேட்டது.

"ஆளில்லாத தீவுல போட்டுக் காட்டலாம்னு சொல்றீங்க. சரி. எதிரிங்களக் கூப்ட்டு, உக்கார வெச்சு, பாருங்க பாருங்கன்னு சொல்லி, அது வெடிக்காமப் போச்சுன்னா?" இது கேப்டன்.

"சிரிப்பாங்க" என்றார் பார்ட்டா. புடாபெஸ்டிலிருந்து ஓடிவந்தவர். "சிரிச்சதனால இதுவரைக்கும் எவனும் செத்ததில்ல கேப்டன்."

"நம்ம பசங்க செத்துக்கிட்டிருக்காங்களே டாக்டர். தெனம்."

பிறகு தீசனின் குரல் கேட்டது. "அது எனக்கும் தெரியும் கேப்டன். அதனாலதான் ஒம்பது தடவ எழுதினேன்."

எந்தத் தீவு, எதற்காகப் போட்டுக் காட்டுவது என்று இர்மாவுக்குக் குழப்பமாக இருந்தது. அவள் தட்டிய பக்கத்தில் தீவு எதுவும் இல்லையே.

இரண்டு மணிக்குப் பத்தாவது வரைவு தயாரானது. தட்ட ஆள் ஒருத்திதான். கேப்டன் டாலிவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு தடவைக்கு ரெண்டு பக்கத்தையும் நீங்களே தட்டிடுங்க அம்மணி. தட்டினத மறந்துடுறேன்னு இதுல ஒரு கையெழுத்து."

"மறந்துடுறேன்னு கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கலாமா கேப்டன்?"

"அதுக்கும் ஒரு காகிதம் இருக்கு. தேடணும்."

முதல் பக்கம் விரல்களுக்கு மனப்பாடம். இரண்டாவது பக்கத்துக்கு வந்ததும் அவள் வேகம் குறைந்தது. எந்த ஊர்மேலும் முன்னறிவிப்பின்றி இதைப் போட வேண்டாம் என்று இருந்தது. முதலில் ஆளில்லாத தீவில் காட்டுங்கள், பணிவதற்கு அவகாசம் கொடுங்கள் என்று இருந்தது. நடுத்தர அளவுள்ள ஓர் ஊரில் முதல் கணத்திலேயே சுமார் இருபதாயிரம் பேர் இறப்பார்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "இதனால் யுத்தம் இன்னும் சில வாரங்கள் நீண்டாலும் அதைத் தாங்கிக்கொள்வதே நமக்கு அழகு."

அவள் கை நின்றுவிட்டது.

சில வாரங்கள். எட்டில் மூன்று பேர் மிஞ்சிய கூடாரத்துக்கு எத்தனை வாரம் தாங்கும்? தாங்கிக்கொள்கிறவர்கள் யார்? நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற இந்த நல்ல மனிதரா, இல்லை, அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதிய எமிலா? கோபம் வந்தது. கோபத்தோடு அந்த இருபதாயிரத்தை மறுபடி படித்தாள். அந்த ஊரிலும் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அம்மாக்கள் இருப்பார்கள். அது தெரியாமலில்லை. தெரிந்தும் கோபம் குறையவில்லை.

தட்டி முடித்தாள். பிழையில்லாமல், ஐந்து பிரதி. மூன்றேகால் மணிக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஏழு பேரும் படித்தார்கள். ஒருவரும் எதையும் திருத்தவில்லை. அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை. "கொண்டா, போட்டுத் தொலைக்கலாம்" என்று பெட்டிபோன் பேனாவைத் திறந்தார். ஊர்கிற எறும்புக்கும் பறக்கிற காக்காய்க்கும் கணக்கு வைத்திருக்கிற ஆள் அவர். அவரே திறந்துவிட்டார் என்றால் கதை முடிந்தது.

அப்போதுதான் இர்மா வாயைத் திறந்தாள். யோசித்துத் திறந்தாளா என்று கேட்டால், ஆமாம். மூன்று வருஷம் அவர்களோடு குப்பை கொட்டியவள். எதைத் தொட்டால் அவர்கள் பேனாவை மூடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"ஒரு சின்ன சந்தேகம் டாக்டர்."

"கேளுங்க மிஸ் கொலாரிக்" என்றார் தீசன்.

"இந்த இருபதாயிரம், அது பகல்லயா, ராத்திரியிலயா?"

ஏழு பேரும் குனிந்து அந்த எண்ணை மறுபடி பார்த்தார்கள்.

"இல்ல, எங்க தெருவ வெச்சுக் கேக்கறேன். பகல்ல வெளிய நடமாட்டமாத்தான் இருக்கும். ராத்திரின்னா வீட்டுக்கு எட்டுப் பேரு உள்ள படுத்திருப்போம். ரெண்டுக்கும் ஒரே கணக்கு வருமான்னு..."

பெட்டிபோன் பேனாவை மூடினார்.

"இவங்க சொல்றது சரி" என்றார். "வெளிய இருக்கறவனுக்கு நேரா அடிக்கும். உள்ள இருந்தா சுவர் மறைக்கும்."

"எந்த சுவரு? அங்க வீடெல்லாம் மரம்" என்றார் பார்ட்டா. "உள்ள இருந்தாத்தான் மேல விழும். ராத்திரிதான் அதிகம்."

"காலையில வேலைக்குப் போற நேரத்த எடுத்துக்குங்க. தெருவெல்லாம் கூட்டம்."

"அப்ப பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம் எந்தக் கட்டடத்துல? கல்லா, மரமா?"

அவ்வளவுதான். கரும்பலகை வந்தது, சுண்ணாம்புக்கட்டி வந்தது. ஒருவர் பதின்மூன்றாயிரம் என்றார், இன்னொருவர் முப்பத்தோராயிரம் என்றார். இர்மா சுவரோரமாக நின்றாள். தெரு, பள்ளிக்கூடம், படுக்கையறை என்று அவர்கள் கட்டம் கட்டமாக அந்த ஊரைப் பிரித்து எழுத எழுத, முதல்தடவையாக அந்த ஊர் அவள் கண்முன்னால் வந்தது.

மூன்று ஐம்பதுக்குக் கேப்டன் தலையை நீட்டினார். "பை கெளம்பப் போகுது கனவான்களே. வீடு பத்தி எரிஞ்சாலும் நீங்க எத்தன டிகிரின்னு பாத்துட்டுத்தான் தண்ணி ஊத்துவீங்க போல."

"ரெண்டே நிமிஷம்" என்றார் தீசன், திரும்பாமலே.

இர்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தது தப்பு என்று அப்போது தோன்றியது. எமில் நினைவு வந்ததும் தப்பில்லை என்றும் தோன்றியது. மூன்று ஐம்பத்தேழுக்கு அவளால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், போட்டுடுங்க. நான் சும்மா கேட்டேன். நேரமாச்சு, கையெழுத்துப் போட்டுடுங்க."

தீசன் சுண்ணாம்பு படிந்த விரலோடு அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அத்தனை அன்பு. "தப்பான எண்ணுக்குக் கீழ எப்படிம்மா கையெழுத்துப் போடறது? அந்த ஒரு வரியிலயே பொய்யுன்னு தூக்கிப் போட்டுடுவாங்களே."

நாலு மணிக்குக் கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சார்ஜெண்ட் நேரம் தவறாத ஆசாமி.

திங்கட்கிழமை கடிதம் போனது. "நேரத்தைப் பொறுத்துப் பதின்மூன்றாயிரத்திலிருந்து முப்பத்தோராயிரம் வரை" என்று திருத்தி, கீழே ஒரு அட்டவணையும் சேர்த்து, மூன்று பக்கமாகப் போனது. வாங்குவதாகச் சொன்னவர் கடல் தாண்டிப் போயிருந்தார். அங்கே யாரோ வாங்கி, ரகசிய முத்திரை குத்தி, ஏதோ இரும்புப் பெட்டியில் வைத்ததாகப் பத்து நாள் கழித்துக் கேப்டன் வந்து சொன்னார். இர்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையே போயிருந்தாலும் அந்தப் பெட்டிதான் அம்மணி. பூட்டு மட்டும் வேற" என்றார்.

அது நிஜமா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் குண்டு விழுந்த செய்தி வந்தது, சண்டை முடிந்த செய்தி அதன் பின்னாலேயே வந்தது. ஊர் முழுக்க ஹாரன் அடித்தது, அம்மா தேவாலயத்துக்கு ஓடினாள், பெர்னடீன் மாமியாரையே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாளாம். ஆய்வுக்கூடத்தில் சிலர் கைகொடுத்துக்கொண்டார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தீசன் செய்தித்தாளோடு இர்மாவின் மேஜைக்கு வந்தார்.

"காலையில எட்டு மணி தாண்டி" என்றார்.

"என்ன டாக்டர்?"

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே. பகல்ல, மிஸ் கொலாரிக். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற நேரம்." அவர் குரலில் குத்தல் இல்லை. ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தால் சொல்லிவிட வேண்டும் என்று வளர்ந்தவர் அவர். "எங்க எண்ணு எதுவுமே சரியில்ல. ரொம்பக் கம்மியாப் போட்டுட்டோம்."

நவம்பரில் எமில் வந்தான். இளைத்துப்போய், மஞ்சளாக, ஆனால் முழுசாக வந்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவலும் முட்டைகோசும் மாவு உருண்டைகளும் சமைத்து, மகளின் முதலாளியையும் கூப்பிட்டாள். தீசன் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் எமிலின் கையைப் பிடித்தவர், சாப்பாடு வருகிற வரைக்கும் விடவே இல்லை.

"உருண்ட எத்தன வெக்கட்டும் டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"எத்தன வேணாலும் வைங்கம்மா" என்றார்.

எண்ணாமல் சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் இர்மா எழுந்தாள். தட்டு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். அவரும் குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"டாக்டர், அன்னைக்கு நான் வேணும்னுதான் கேட்டேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"இன்னைக்குத்தான். உங்க தம்பியப் பார்த்ததும்." கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "மூணு வருஷத்துல நீங்க ஒரு தடவகூட என்கிட்ட எண்ணு பத்திக் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டீங்க. நான் கரும்பலகையத்தான் பாத்தேன். உங்களப் பாத்திருந்தா, என்ன விஷயம்னு கேட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பீங்க. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்டுட்டு, கையெழுத்துப் போட்டிருப்பேன்."

உள்ளேயிருந்து எமில் கத்தினான். "அக்கா, உருண்ட ஆறிப்போகுது. வரியா, நானே முடிச்சிடவா?"

இர்மா தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு இன்னும் இரண்டு உருண்டை வைத்தாள். அவன் குனிந்து ஆவலாகத் தின்றான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளை விட்டுப் போகவே இல்லை, காலை எட்டு மணியும் போகவில்லை.